பெட்டியை இறக்கி வைத்த வீடு

ஐம்பத்தைந்தாம் வருடம், தை மாதம். கறம்பக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நடந்தது இது. அது என் அப்பா பிறந்த ஊர். ஆனால் எனக்கு அந்த ஊரும் அந்நியம், அந்தத் தேசமே அந்நியம். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் மலாயாவில், ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கேயே ஆபீஸில் கணக்கு எழுதும் வேலை. அப்பா போய், அம்மாவும் போன பிறகு தோட்டத்துக் குவார்ட்டர்ஸில் நானும் நாலு சுவர்களும்தான். வேலை விட்டு வந்தால் பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் கிடையாது. இப்படியே இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது. சொந்தம் என்று சொல்ல நாலு முகங்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று லீவு போட்டுவிட்டுக் கப்பல் ஏறினேன்.

அவ்வளவு பெரிய தேசத்தில் எங்கே போய்த் தங்குவது? கப்பலில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான். பேசாம புதுக்கோட்டையில லாட்ஜுல ரூம் போட்டுக்கங்க" என்றார் ஒருவர். சத்திரமே போதும், காசு மிச்சம் என்றார் இன்னொருவர். லாட்ஜில் தனியாகப் படுத்து விட்டத்தைப் பார்க்கவா கடல் தாண்டி வருகிறேன்? சொந்தக்காரர் வீடுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஊரில் எனக்கு இரண்டு வீடுகள். ஒன்று சித்தப்பா வீடு, மற்றது அப்பாவின் தங்கை, என் அத்தை வீடு. பஸ் நின்ற இடத்துக்கு இரண்டு வீட்டாருமே வந்திருந்தார்கள். அத்தை என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணன் மூக்கு அப்புடியே இருக்கே" என்று ஓவென்று அழுதாள். என்னைத் தொட்டு அழ ஒருத்தி இருக்கிறாள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

இரண்டு வீடுகளையும் பார்த்தேன். சித்தப்பா வீட்டில் ஒரே கூடம். அதில்தான் பிள்ளைகள், மூட்டைகள், மழை வந்தால் ஆடுகளும். அத்தை வீட்டில் கதவு போட்ட தனி அறை இருந்தது. கட்டில் இருந்தது. கிணற்றடியில் குளிக்கத் தட்டி கட்டி மறைப்பு இருந்தது. வெளிநாட்டில் வளர்ந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? தகரப் பெட்டியை அங்கேயே இறக்கச் சொன்னேன்.

"சாப்பாடு அங்கிட்டு வச்சுக்க. படுக்கை நம்ம வீட்ல இருக்கட்டும்பா" என்றார் சித்தப்பா.

"அங்கே அறைக்குக் கதவு இருக்கே சித்தப்பா" என்றேன் நான், பெரிய புத்திசாலி மாதிரி. அவர் என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், மாட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அத்தை வீட்டில் எனக்கு ராஜ உபசாரம். எண்ணெய்க் குளியல், நாட்டுக்கோழிக் குழம்பு, முதல் இலை. பெண்கள் கூட்டமாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் பேச்சுதான் இல்லை. "சாப்டீங்களா, தூங்குனீங்களா" என்பதற்கு மேல் யாருக்கும் என்னிடம் கேட்க ஒன்றுமில்லை. என் தோட்டத்துத் தமிழைக் கேட்டால் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தன. பகலெல்லாம் அந்த அறையில் உட்கார்ந்திருப்பேன். குவார்ட்டர்ஸில் இருந்த தனிமையாவது எனக்குப் பழகியது.

அத்தைக்கு ஒரே மகள். நான் முன்கட்டுக்கு வந்தால் அவள் பின்கட்டுக்குப் போய்விடுவாள். லட்சணமான பெண். என் மனசு கொஞ்சம் ஆடியது என்பதை மறைக்க என்ன இருக்கிறது?

ஒருநாள் மத்தியானம் நானும் மாமாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் ரசக் கிண்ணத்தோடு வந்து என் இலைக்கு முன்னால் நின்றாள். "அண்ணே, ரசம் ஊத்தவா?" என்றாள்.

மாமாவின் கை இலையிலேயே நின்றது. அத்தை அடுப்படியிலிருந்து வந்து அவள் சடையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். கன்னத்தில் அறை விழும் சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் தோட்டத்தில் எல்லோரும் எல்லோருக்கும் அண்ணன்தான்.

சாயங்காலம் மாமா என்னை முந்திரித் தோப்புப் பக்கம் கூட்டிப் போனார். "அத்தை மக அண்ணேன்னு கூப்புட மாட்டா மாப்ளே. கூப்புட்டா, கட்டிக்க மாட்டேன்னு அர்த்தம்" என்றார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு மீதியையும் சொன்னார். "முறைப்பையன் வரலாம், சாப்புடலாம், போகலாம். வயசுக்கு வந்த புள்ள இருக்கிற வீட்ல பொட்டியோட தங்கிட்டா பேச்சு முடிஞ்சதுன்னு ஊரே நெனச்சுக்கும். ஒங்க அத்தையும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கா."

கதவு இருக்கிறதே என்று நான் தேர்ந்தெடுத்த அறை, அந்தப் பெண்ணைக் கேட்காமலே அவளைக் கடல் தாண்டி அனுப்பத் தயாராகியிருந்தது.

மறுநாள் காலையில் கிணற்றடியில் அவள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். தள்ளி நின்று, "என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒங்கள ஒண்ணும் கொறை சொல்லல" என்றாள், வாளியைப் பார்த்தபடியே. "வந்ததுலேருந்து பாக்குறேன். சுத்தி இம்புட்டுப் பேரு இருக்கோம், ஒங்களுக்குப் பேச ஒரு ஆளு இல்ல. சொவத்தப் பாத்தே ஒக்காந்திருக்கீங்க. நான் அங்க வந்தா எனக்கும் இந்தக் கதிதானே?"

என் அம்மாவும் அப்படிக் கப்பலேறி வந்தவள்தான். புது ஆள் யார் தோட்டத்துக்கு வந்தாலும் ஓடிப்போய், எந்த ஊர் என்று கேட்பாள். அவள் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர்கூட வந்ததில்லை. கேட்டுக் கேட்டே செத்துப்போனாள்.

வெயில் ஏறிய பிறகு, ஊர் பார்க்கட்டும் என்றே, பெட்டியை நானே தோளில் வைத்துக்கொண்டு தெரு வழியாக நடந்து சித்தப்பா வீட்டில் இறக்கினேன். காரணம் கேட்டவர்களிடம், மலாயாவில் ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். அப்படி ஒரு பெண் கிடையாது. பழி அவள் மேல் விழுந்தால் இன்னும் அடி வாங்குவாள், அதனால் சொன்ன பொய். அத்தை நடுத்தெருவுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றினாள். என் மூக்கைப் பார்த்து அழுதவள், "நீ வெளங்குவியா" என்று கேட்டாள். நின்று கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சித்தப்பா சோறு போட்டார், அவ்வளவுதான். ஆடுகளுக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தேன். லீவு முடியும் முன்பே கிளம்பிவிட்டேன். வழியனுப்ப வந்தது மாமா ஒருவர்தான். பஸ் கிளம்பும்போது என் தோளை ஒரு தரம் அழுத்திவிட்டுத் திரும்பிப் போனார். அவளை அறந்தாங்கிப் பக்கம் கட்டிக் கொடுத்ததாகப் பின்னாளில் கேள்விப்பட்டேன். நினைத்தால் பஸ் ஏறித் தாய்வீட்டுக்கு வந்துவிடும் தூரம்தான்.

அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த உபசாரமெல்லாம் வரப்போகும் மாப்பிள்ளைக்கு. நான் தனியாகக் கிடக்கிறேன் என்பதைக் கண்ணால் கண்டு வாயால் சொன்னவள், என்னை வேண்டாம் என்ற அந்த ஒருத்திதான். பிறகு எத்தனையோ ஊர்களுக்குப் போய் எத்தனையோ வீடுகளில் தங்கியிருக்கிறேன். ஒரு வீட்டில் பெட்டியை இறக்குவதற்கு முன், நான் தங்குவதால் இங்கே யாருக்கு இடமில்லாமல் போகும் என்று இன்றுவரை ஒரு தரம் சுற்றிலும் பார்த்துக்கொள்கிறேன்.