கிள்ளானில் நான் மடித்த இலை

பள்ளிக்கூட ஓவிய வகுப்பு என்றால் நமக்கெல்லாம் ஒரு பூச்சாடி, இரண்டு ஆப்பிள், ஒரு கொத்து திராட்சை. அதே மாதிரி மேசைப் படம்தான், ஆனால் சாப்பிட்டு எழுந்த வாழையிலைகளை ஆளுயரத்துக்கு வரைகிறவர் விமலா அக்கா. தோழி சொல்லிக் கேள்விப்பட்டு போன் செய்தேன். “ஞாயித்துக்கிழம வாங்க, சாப்பாடு இங்கதான்” என்றார். போன ஞாயிறு போய் வந்தேன். இன்னும் முகம் காந்துகிறது.

நான் இருக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். புதிதாக ஓடும் கொமுட்டர் ரயிலில் சுபாங் ஜெயா தாண்டி, கிள்ளானுக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து டாக்சிக் கட்டணம் ஆறு வெள்ளி.

“எச்ச எல படம் போடுறவங்க வீடா? தெரியும்லா” என்றார் டாக்சிக்காரர். “என் எலயக்கூட கேட்டாங்க. வெக்கமா போச்சி, மடிச்சிட்டு ஓடியாந்துட்டேன்.”

“படம்தானே அண்ணே?”

“நான் என்னத்த ஒதுக்குனேன்னு ஊரே பாக்கணுமா?”

சிரித்தேன். கூடத்தில் படங்களைப் பார்த்ததும் அவர் பயம் புரிந்தது. ஒரு லோரி ஓட்டுநரின் இலையில் பருக்கைகூட இல்லை. ஒரு கல்யாணப் பெண்ணின் இலையில் விரல் பட்ட அடையாளம் ஒரே இடத்தில். இலைக்காரர் யாரும் படத்தில் இல்லை. ஆனால் ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது.

“ஆப்பிள் திராட்சையெல்லாம் எங்க வீட்டு மேசையில எப்ப இருந்திச்சி?” என்றார் அக்கா. “சாப்பிட்ட எல பொய் சொல்லாது.”

பிறகு எனக்குச் சோறு போட்டார். எதிரே ஜன்னலோரம் ஏற்கெனவே ஓர் இலை திறந்து கிடந்தது, பாதி சோறோடு. யாரோ முன்பந்தியில் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நண்டுக் குழம்பு அமிர்தம். அக்கா காப்பி போட உள்ளே போனார். என் இலையை மடித்தேன். விருந்துக்குப் போன வீட்டில் கை சும்மா இருந்தால் அம்மா திட்டுவாள், அந்தப் பழக்கம். எழுந்து குனிந்து எதிர் இலையையும் என் பக்கமாக இழுத்து மடித்தேன்.

காப்பியோடு வந்த அக்கா அப்படியே நின்றார்.

“என் தம்பி எல அது. ரொம்ப வருஷம் கழிச்சி இன்னிக்கித்தான் வந்தான். பழச பேசி, பாதியில கோவிச்சிக்கிட்டு எழுந்துட்டான். அதத்தான் வரைய வச்சிருந்தேன்.”

திறந்து பார்த்தார். சோறும் ரசமும் ஒன்றாகக் குழைந்து போயிருந்தன. அவர் பார்த்தது அதையல்ல.

“தம்பி உக்காந்த பக்கத்திலேர்ந்து பாருங்க. வெளிய தள்ளி மடிச்சிருக்கீங்க. எழவு வீட்ல மடிக்கிற மாதிரி.”

படித்தவள், கலை பார்க்க வந்தவள், கண்ணெதிரே இருந்ததைக் குப்பை என்று நினைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். “தெரியாமதானே” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். மோட்டார் சைக்கிளில் சாலாக் செலாத்தான் வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்த தம்பிக்கு உடனே போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. “இன்னும் வீட்டுக்குப் போயிருக்க மாட்டான்” என்று மறுபடி சுழற்றினார். காப்பியைக் குடிக்காமலே கிளம்பினேன்.

போகிறவர்களுக்கு: முன்கூட்டியே போன் செய்யுங்கள், காலையிலேயே கிளம்புங்கள், பசியோடு போங்கள். உங்கள் இலையை மட்டும் மடியுங்கள்.

அக்காவின் நம்பர் என்னிடம் இருக்கிறது. தம்பி போனை எடுத்தானா என்று கேட்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.