மயக்க ஊசிக்கு முன் சொன்ன பொய்

குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்வதற்கு முதல் நாள், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா ஹிந்தியில் வரிசையாகக் கேட்டார். ஆஸ்துமா உண்டா, சர்க்கரை உண்டா, கை கால் தளர்ந்து போகுமா, விழுங்கச் சிரமமா. எல்லாவற்றுக்கும் "நஹீ ஜி" என்றேன். லோதி ரோடு பக்கம் ஓர் ஆபீஸ் கேன்டீனில் இருபது வருடமாகத் தோசை வார்க்கிறேன். ஹிந்தி நன்றாகவே புரியும். ஆனால் உண்டு என்று சொன்னால் மேலே மேலே கேட்பார்கள். இல்லை என்றால் விட்டுவிடுவார்கள்.

உண்மையில் சாயங்காலமானால் என் இமைகள் தாமாக இறங்கும். பேச்சு குழறும். சப்பாத்தி மெல்லும்போது பாதியில் தாடை ஓய்ந்துவிடும், கையால் தாங்கிக்கொண்டு மெல்லுவேன். நான் குடிக்கிறேன் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். மறுக்க வேண்டுமானால் நிறையப் பேச வேண்டும், அதனால் சும்மா இருந்தேன். காலையில் எல்லாம் சரியாகிவிடும். அதை நோய் என்று நான் நினைக்கவே இல்லை.

ஆபரேஷன் ஒரு மணி நேரம்தான். நினைவு வந்தபோது சுற்றிலும் பேசுவது கேட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை, மூச்சு இழுக்கத் தெம்பில்லை. தொண்டையில் குழாய். மறுநாள் காலை வரை மெஷின்தான் எனக்காக மூச்சு விட்டது.

குழாயை எடுத்த பிறகு டாக்டரம்மா மறுபடியும் வந்து அதையெல்லாம் கேட்டார். அப்போதும் என் வாயில் "நஹீ"தான் வந்தது. பக்கத்தில் நின்ற என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, தாடையப் பிடிச்சுக்கிட்டு சாப்பிடுறது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?"

தன் அரைகுறை ஹிந்தியில் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். நான் மெல்லுவதை நடித்தும் காட்டினாள். டாக்டரம்மா என்னை இமைக்காமல் மேலே பார்க்கச் சொன்னார். ஒரு நிமிடம் ஆவதற்குள் இமைகள் இறங்கிவிட்டன.

நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோயாம். ஏற்கெனவே உள்ளே இருந்ததை, தசையைத் தளர்த்தக் கொடுத்த மருந்து வெளியே காட்டிவிட்டது. முன்னமே சொல்லியிருந்தால் அந்த மருந்தைத் தவிர்த்திருப்பேன் என்றார். அவர் திட்டவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது தினமும் மாத்திரை.

போன மாதம் பல் பிடுங்கப் போனேன். டாக்டர் ஊசியைக் கையில் எடுத்ததும், அவர் எதுவும் கேட்பதற்கு முன் நானே ஆரம்பித்தேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இருந்தாலும் முழுவதையும் சொன்னேன்.