ஒரு பக்கக் கண்ணாடியும் முழுப் பாவசங்கீர்த்தனமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போன இடத்தில் நான் குற்றவாளி ஆனேன்.

சிரிக்காதீர்கள். ஜெர்மன் சட்டப்படியே சொல்கிறேன்.

நாங்கள் இருக்கிற ஆஹென் நகரில் தமிழ்ப் பூசை மாதம் ஒருமுறைதான். ஜெர்மன்காரர் தங்கள் கோவிலை மத்தியானத்துக்குப் பிறகு எங்களுக்குத் தருவார்கள். அன்று முதல் வாசகம் வாசிக்கிற பொறுப்பு எனக்கு. வழக்கம்போல் பிந்திவிட்டேன். காரில் மூன்று பேர் — நான், என் மனைவி ரெஜினா, பின்சீட்டில் முரளி. முரளியின் மடியில் ரெஜினா சுட்ட வடைத் தட்டு.

முரளி கரூர்ப் பையன். இங்கே யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்கிறான். எந்தச் சாமியையும் கும்பிடாதவன். முதல் தடவை வந்தது வடைக்காகத்தான் என்று அவனே ஒப்புக்கொண்டிருக்கிறான். ஆனால் கொஞ்ச நாளாகக் காரில் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தான். அன்றைக்கும் கேட்டான்.

“அண்ணே, பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட செஞ்ச பாவம் எல்லாத்தையும் சொல்லணுமா? கொஞ்சம் எடிட் பண்ணிக்கலாமா?”

“ஒண்டும் விடாமல் சொல்ல வேணும் தம்பி,” என்றேன் கம்பீரமாக. “ஒண்டை ஒளிச்சாலும் அது அரைகுறை.”

“உங்களப் பாத்துத்தாண்ணே எனக்கு இதெல்லாம் கேக்கணும்னே தோணுது.”

என்னைப் பார்த்தா? எப்போது பார்த்தான்? என்ன செய்துகொண்டிருந்தேன்? ரெஜினா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். பதினாலு வருடமாகப் பார்க்கிறவளுக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை போலும்.

மழை பிடித்துக்கொண்டது. இருவரையும் வாசலில் இறக்கிவிட்டு, கோவிலுக்குப் பின்னால் காரை நிறுத்தப் போனேன். அவசரமாக ரிவர்ஸ் எடுத்தேன். ‘டக்’ என்றது. பக்கத்தில் நின்ற வெள்ளிநிறக் காரின் பக்கக் கண்ணாடி வயரில் தொங்கியது.

இனி நடந்ததை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

நாலு பக்கமும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. கியரைப் போட்டேன். காரைக் கொண்டுபோய் மற்றக் கோடியில், வெறும் போத்தல் போடுகிற பெரிய தொட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து நிறுத்தினேன்.

ஒரு கண்ணாடிக்கு ஏன் இவ்வளவு பயம்? கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. எனக்குத்தான் நாடு இல்லை. ஜெர்மன் பிரஜாவுரிமைக்கு நாங்கள் போட்ட அந்திராக் — நான், ரெஜினா, இரண்டு பெண் பிள்ளைகள், நாலு பேருக்கும் சேர்த்துப் போட்ட விண்ணப்பம் — எட்டு மாதமாக ஓர் அதிகாரியின் மேசையில் கிடக்கிறது. அதிலே ‘உங்கள் மேல் வழக்கு ஏதும் உண்டா?’ என்று ஒரு கட்டம். ‘இல்லை’ என்று அழுத்திப் புள்ளடி போட்டிருந்தேன். இனி?

அதோடு, போலீஸ் என்றாலே எனக்கு ஆகாது. நான் ஆஹெனுக்கு வந்து பதினேழு வருடம். முழங்கால் மட்டும் இன்னும் யாழ்ப்பாணத்துச் செக்பொயின்றில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

ஐந்து நிமிடம் அப்படியே இருந்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் பீடத்துக்கு ஏறி வேதம் வாசிக்கப் போகிறவன், போத்தல் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான்... எனக்கே வெட்கமாக இருந்தது. பாட்டுத் தாளின் பின்பக்கத்தில் ‘மன்னிக்கவும், இடித்தது நான்’ என்று ஜெர்மனில் எழுதினேன். பெயர், தொலைபேசி நம்பர் எல்லாம் போட்டேன். நனைந்துகொண்டே நடந்து போய் அந்தத் துண்டுத் தாளை வெள்ளிநிறக் காரின் வைப்பருக்கு அடியில் செருகினேன்.

திரும்பி வரும்போது தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் முளைத்துவிட்டதா என்று தடவிப் பார்க்காத குறைதான்.

அன்றைய பிரசங்கமும் வாய்த்தது பாருங்கள்! நாங்கள் பேசுவதைக் கேட்டு ஒருவரும் விசுவாசத்துக்கு வருவதில்லை, நடப்பதைப் பார்த்துத்தான் வருகிறார்கள் என்றார் சுவாமி. நான் தலையாட்டிய வேகத்தில் பக்கத்தில் இருந்தவருக்குக் காற்று வந்திருக்கும்.

பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர். சும்மா இருக்க முடியுமா? கண்ணாடி, மழை, துண்டுத் தாள் — கதையை எல்லாருக்கும் சொன்னேன். போத்தல் தொட்டியை விட்டுவிட்டேன். கதை நீண்டுவிடும் அல்லவா?

சீலன் அண்ணை மட்டும் வடையைக் கீழே வைத்தார். இருபது வருடமாக டாக்சி ஓட்டுகிறவர்.

“துண்டு வைச்சிட்டோ வந்தனீ?”

“ஓம் அண்ணை. ஊரில எண்டா ஆர் இப்பிடிச் செய்வினம்?”

“ஊரில நீ புனிதர். இஞ்ச உதுக்குப் பேர் ஃபாரர்ஃப்ளுக்ட்!”

இடித்துவிட்டு ஓடுகிற குற்றம். துண்டு போதாதாம். கார்க்காரர் வரும்வரை நிற்க வேண்டுமாம், இல்லையென்றால் போலீசைக் கூப்பிட வேண்டுமாம். “லைசென்ஸ் போகும். கேஸ் விழுந்தா உன்ர அந்திராக்கும் படுத்திடும்,” என்றார்.

ஓடினோம். வெள்ளிநிறக் கார் போய்விட்டது. என் துண்டு சேற்றில் கிடந்தது, மேலே டயர் தடம். பெயரும் நம்பரும் மழையில் கரைந்து போயிருந்தன. ‘மன்னிக்கவும்’ மட்டும் மிச்சம்.

“அப்ப சரி,” என்றார் சீலன் அண்ணை, குரலைத் தாழ்த்தி. “ஒரு அத்தாட்சியும் இல்லை. நானும் ஒண்டும் கேக்கேல்லை. கெதியா வீட்ட போ.”

“ஓமப்பா, வாங்கோ போவம்,” என்றாள் ரெஜினா. அவள் முகம் வெளிறியிருந்தது. “பிள்ளையளின்ர பேரும் அந்திராக்கில கிடக்கு.”

உண்மையைச் சொன்னால், என் கால் ஏற்கெனவே காரை நோக்கித் திரும்பியிருந்தது. அப்போதுதான் முரளி கேட்டான்.

“இப்ப என்ன பண்ணப் போறீங்கண்ணே?”

குத்தல் இல்லை, கிண்டல் இல்லை. பரிசோதனைக்கூடத்தில் ஒரு குழாயைச் சூடாக்கிவிட்டு என்ன நிறம் வருகிறது என்று பார்ப்பானே, அந்த மாதிரி ஒரு பார்வை.

“போலீசுக்குத்தான்,” என்று யாரோ சொன்னது கேட்டது. என் குரல்தான்.

போலீஸ் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி, கையில் கோப்பிக் கோப்பை. விலங்கு போடுவார் என்று பாதி நீட்டிய என் கையில் ஒரு ஃபோர்மை வைத்தார். கண்ணாடி உடைந்ததாக ஒரு பெண்மணி ஏற்கெனவே ஃபோன் செய்துவிட்டாராம்! எழுதினேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். துண்டு வைத்ததை இரண்டு தடவை சொன்னேன்.

“துண்டு மட்டும் போதாது. ஆனால் நீங்களாகவே அன்றைக்கே வந்திருக்கிறீர்கள், அதையும் எழுதுகிறேன்,” என்றார். “முடிவெடுப்பது அரச வழக்கறிஞர். கடிதம் வரும்.”

வெளியே வந்து காரில் ஏறியபோது உடம்பு அரைவாசி பாரம் குறைந்திருந்தது. சாவியைப் போட்டேன்.

“அண்ணே... ஒண்ணு கேக்கலாமா?”

“கேள் தம்பி.”

“அந்த பாட்டில் தொட்டி மேட்டர சொல்லிட்டீங்களா?”

சாவி கையோடு நின்றது.

“குடைய மடக்கிட்டு கோவில் பின்வாசல்லதாண்ணே நின்னுட்டிருந்தேன். நீங்க நாலு பக்கமும் பாத்தீங்க. என்னை மட்டும் பாக்கல.”

அப்படியென்றால் மண்டபத்தில் நான் கதை அளந்தபோதும் இவன் எல்லாம் தெரிந்துகொண்டுதான் வடை தின்றிருக்கிறான்! எனக்கு வேர்த்தது. போலீசைக் கண்டுகூட இப்படி வேர்க்கவில்லை.

“என்ன தொட்டி?” என்றாள் ரெஜினா.

சொன்னேன். ஒன்றும் விடாமல்.

“சாரிண்ணே, தெரியாம கேட்டுட்டேன். விடுங்க,” என்றான் முரளி. “ஒண்ணும் விடாம சொல்லணும்னு காலைல சொன்னீங்களே, அதான்...”

காலையில் அல்ல, மத்தியானம். ஆனால் அதைத் திருத்துகிற நிலையில் நான் இல்லை. கதவைத் திறந்தேன்.

“உங்களுக்கென்ன விசரே?” ரெஜினா என் சட்டையைப் பிடித்தாள். “ஒருக்காப் போனது காணாதெண்டு ரெண்டாந்தரமும் போறியளோ? ஒளிச்சனான் எண்டு நீங்களே சொன்னா விடுவினமே?”

நியாயமான கேள்வி. சட்டையை மெல்ல விடுவித்துக்கொண்டு இறங்கினேன்.

அந்த அதிகாரி என்னைக் கண்டதும் குடையை மறந்துவிட்டேனோ என்று சுற்றிப் பார்த்தார். சொன்னேன். கோப்பியைக் கீழே வைத்தார். “இதை நான் எழுதத்தான் வேண்டும். தெரியும்தானே?” என்றார். “எழுதுங்கோ,” என்று தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு ஜெர்மனில் சொன்னேன். அவர் டைப் பண்ணிய ஒவ்வொரு தட்டுக்கும் என் பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஒரு அடி தள்ளிப் போவது போலிருந்தது.

பிறகு மூன்று வாரம். இங்கே பாரதூரமான கடிதங்கள் மஞ்சள் உறையில் வரும். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் நான் குளியலறைக்குள் போய்விடுவேன். பெட்டியைத் திறப்பது ரெஜினாவின் வேலை, ஒரு கையில் செபமாலை. பக்கத்து வீட்டுக்காரிக்கு வந்த மஞ்சள் நிற விளம்பரத் தாளைக் கண்டு ஒருநாள் இருவரும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

வந்தது வெள்ளை உறை. தானாக வந்து எல்லாவற்றையும் தெரிவித்ததாலும் சேதம் சிறியது என்பதாலும் வழக்கை மேற்கொண்டு நடத்தவில்லை என்று நாலு வரி. ‘எல்லாவற்றையும்’ என்ற சொல்லை ரெஜினா விரலால் தடவிப் பார்த்தாள். அன்று மீன்குழம்பில் பெரிய துண்டு எனக்கு.

முரளிக்குச் சொன்னேன்.

“அன்னிக்கு நீங்க திரும்ப உள்ள போகலேன்னா, நான் வடை சாப்ட வர்றதோட நிறுத்தியிருப்பேண்ணே. இப்ப ஃபாதர்கிட்ட பேசிட்டேன். ஞானஸ்நானம் வாங்கலாம்னு இருக்கேன். ஞானத் தகப்பனா நீங்கதான் நிக்கணும்.”

நான் உடனே தலையாட்டிவிட்டேன். கூடவே பழைய பயமும் வந்து குந்திக்கொண்டது. ஒரு மத்தியானம் பார்த்ததற்கே இந்தப் பாடு. இனி வாழ்நாள் முழுக்கப் பார்க்கப் போகிறானே!

“அப்ப ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல காரில வந்து ஏத்துறன் தம்பி,” என்றேன்.

“வேணாம்ணே,” என்றான் அவசரமாக. “நான் பஸ்ல வந்துடறேன்.”

அந்திராக் இன்னும் மேசையில்தான். நான் இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் நுழையும்போதுகூட இண்டிகேட்டர் போடுகிறேன்.