வெறும் வயிறும் வெற்றிலையும்

“மாத்திரையால மூளைக்கு ஒண்ணும் நல்லது நடக்கலைன்னே எழுதிடலாம்” என்றார் டாக்டரம்மா. எனக்கு மனசு ஒப்பவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றில், ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைசியாக வேலை பார்த்தது ஓர் ஆய்வில். சர்க்கரை, பிரஷர், தொப்பை மூன்றும் சேர்ந்தவர்களுக்கு மூளையின் ரத்தக்குழாய் விறைத்துப்போகும். சர்க்கரைக்குத் தரும் ஒரு மாத்திரை அதையும் சரிசெய்கிறதா என்று பார்த்தோம். நெற்றிப்பொட்டில் ஜெல் தடவி, புரோப் என்ற கருவியை வைத்து, மூச்சை அடக்கச் சொல்வேன். நல்ல குழாய் விரிந்து கொடுக்கும். திரையில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் கோடு ஏறும். மாத்திரை தொடங்கும் முன் ஒரு டெஸ்ட், சில மாதம் கழித்து இன்னொன்று.

கோவிந்தராசு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் குத்தகை விவசாயி. அவருடைய அண்ணன் நடவு வயலிலேயே பக்கவாதம் வந்து விழுந்தவர்; பேச்சு திரும்பவே இல்லை. அடுத்தது தான்தான் என்ற பயம் இவருக்கு. இரண்டாவது டெஸ்ட்டிலும் கோடு ஏறவில்லை என்றதும், “அப்ப எதுக்குங்க மாத்திரை? நிறுத்திடுறேன். வர்றது வரட்டும்” என்று எழுந்துவிட்டார். அவரை அப்படி அனுப்ப நான் தயாராக இல்லை.

“எனக்காக இன்னொரு தடவை வாங்க. அதுவரை மாத்திரையை நிறுத்தாதீங்க” என்றேன்.

வந்தார். அன்று கூட்டம் இல்லாததால் வாசலில் கண்டதுமே உள்ளே அழைத்துவிட்டேன். “வெறும் வயிறுதானே?” முகவாயை மேலே தூக்கிக்கொண்டு “ம்ம்” என்றார். “டீ, காபி, பீடி?” “ம்ஹூம்.” வாயைத் திறந்தால் வழிந்துவிடும் என்பது அப்போதுதான் புரிந்தது. வெற்றிலை, சீவல், புகையிலை! மற்ற நாட்களில் காத்திருக்கும்போதே துப்பியிருப்பார்.

துப்பிவிட்டு வந்தவரிடம், “பச்சத் தண்ணிகூடக் குடிக்கலைன்னு போன தடவை சொன்னீங்களே!” என்றேன்.

“ஆமாங்க, குடிக்கலையே. வெத்தலை போடுறது சாப்பாடாங்க?”

“அது இல்லாம இவருக்குக் கண்ணே தொறக்காதுங்க” என்றார் அவர் மனைவி.

அடுத்தடுத்து வந்தவர்களை விசாரித்தேன். பாதிப் பேர் கதையும் இதேதான். வெளியூரில் எழுதிய ஆய்வு விதியில் டெஸ்ட்டுக்கு முன் டீ, காபி, பீடி கூடாது என்று இருந்தது, வெற்றிலையைப் பற்றி இல்லை. புகையிலை குழாயை இறுக்கிப் பிடிக்கும்போது மாத்திரையைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “முதல் டெஸ்ட்டும் இப்படித்தானே எடுத்திருப்போம்? ஏற்கெனவே மாத்திரை போடுறவங்களை ஒப்பிடவே முடியாதே. புது ஆளுங்களை வச்சு முதல்லேர்ந்தா?”

“முதல்லேர்ந்துதான் மேடம். ஒரு ஆளை விடாம நான் எடுக்குறேன்.”

எடுத்தேன். ஓய்வு பெறும் நாள்வரை அதே வேலைதான். இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன்: நோயாளி பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுமுன், நீங்கள் கேட்டது அவர் ஊருக்குப் பொருந்தும் கேள்விதானா என்று பாருங்கள்.

ஏற்கெனவே மாத்திரை தொடங்கிவிட்டதால் கோவிந்தராசுவைப் புது ஆய்வில் சேர்க்க முடியாமல் போனது. ஆனாலும் புகையிலையை நிறுத்திவிட்டு வரச் சொல்லி, மறுபடி டெஸ்ட் எடுத்தேன். மூச்சை அடக்கினார், கோடு ஏறியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“அப்ப அண்ணனுக்கு வந்தது எனக்கு வராதுங்களா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “வராதுன்னு என்னால சொல்ல முடியாதுங்க. இது மாத்திரையாலயா, புகையிலைய விட்டதாலயான்னுகூடத் தெரியாது. ஆனா உங்க குழாய் இன்னும் விரியுது. அதைக் கெடுத்துடாதீங்க.”

நெற்றிப்பொட்டில் இருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, “வா, எதாச்சும் சாப்பிடுவோம். மாத்திரை போடணும்” என்றார்.