களர்மூலைக் கம்பு

எழுபதுகளில் மழை பொய்த்த ஒரு வருஷம். திருச்சுழிப் பக்கம் மகசூல் கணக்கெடுக்கப் போயிருந்தேன். சீட்டுக் குலுக்கியதுபோல் எண் விழுகிற இடத்தில்தான் கயிறு கட்டி அறுக்க வேண்டும். ஒரு சம்சாரியின் காட்டில் அது பயிர் சரியாகப் பிடிக்காத களர்மூலையில் விழுந்தது. அறுத்த கம்பை நிறுக்கப் போனால், நடுவே கொழுத்த கதிர்கள். நல்ல பக்கத்திலிருந்து ஒடித்து அவர் மனைவி செருகியவை.

“விளைச்சல் குறைஞ்சாத்தானேம்மா வரி தள்ளுபடி?” என்று கத்தினேன்.

“இருக்கட்டுங்கய்யா. எங்க காடு இம்புட்டுத்தானான்னு டவுனுல பேசிறக் கூடாதுல்ல?”

கதிர்களை எடுத்துவிட்டே நிறுத்தேன். அந்த ஊரில் அறுத்த இடங்கள் கொஞ்சம்; எடைகளோ இடத்துக்கு இடம் ஏகத்துக்கும் ஏறியிறங்கின. அதனால் ‘மகசூல் குறைந்தது என்று நிரூபிக்க முடியவில்லை’ என்று அறிக்கையில் எழுதினேன். மேலதிகாரி அதை ‘மகசூல் குறையவில்லை’ என்று சுருக்கினார். எவ்வளவு கத்தியும் மாற்றவில்லை; வரி தள்ளுபடியும் போயிற்று.

அந்தம்மா ஆசைப்பட்டபடியே, டவுனில் அவள் காடு விளைந்துவிட்டது.