பதிவு கேட்டு வந்த ஆள்

அந்த ஆள் அனுப்பிய முதல் செய்தியே எனக்குச் சரியாகப் படவில்லை. "அன்னிக்கு மேடைக்கு எந்தப் பக்கம் நின்னீங்க?" என்று கேட்டிருந்தார். வணக்கம் இல்லை, பெயர் இல்லை.

நானும் என் அக்காவும் கச்சேரிகளைப் பதிவு செய்கிறவர்கள். ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு நான் கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போடுகிறேன். அக்கா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்து, புடவைகளுக்குக் குச்சு கட்டிக் கொடுக்கிறாள். இரண்டு பேருக்கும் ராக் இசைப் பைத்தியம். சென்னையிலோ வேலூரிலோ பிடித்த பேண்ட் வாசிக்கிறது என்றால் பஸ் ஏறிவிடுவோம். என் சுடிதார் கழுத்தோரத்தில், உள்பக்கமாக, அக்கா ஒரு பட்டி வைத்துத் தைத்திருக்கிறாள். பட்டன் அளவு மைக்குகள் இரண்டும் அதற்குள் உட்கார்ந்துகொள்ளும். மேலே மெல்லிய துப்பட்டா. பதிவு செய்யக் கூடாது என்று வாசலில் எழுதி ஒட்டியிருப்பார்கள். நாங்கள் அதன் பக்கத்திலேயே வரிசையில் நிற்போம்.

எங்களைப் போன்றவர்களுக்குப் போனில் ஒரு க்ரூப் உண்டு. ஒருவருடைய பதிவைக் கொடுத்து இன்னொருவருடையதை வாங்கிக்கொள்வோம். விற்கக் கூடாது, பொதுவில் போடக் கூடாது. யாருடைய நிஜப் பெயரையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த க்ரூப் வழியாக அந்த ஆள் கேட்டது ஒரு சென்னைக் கச்சேரியை. மெதுவான ஒரு பாட்டின் நடுவே பாடகரின் குரல் அறுந்து, ஸ்பீக்கர்கள் எல்லாம் ஊமையாகி, அவர் கோபத்தில் மைக்கைக் கீழே எறிந்துவிட்டுப் போன கச்சேரி. மற்றவர்கள் எடுத்ததில் கூட்டத்தின் கூச்சல்தான் மிச்சம். எங்களுடையது மட்டும்தான் தெளிவாக இருந்தது.

மாற்றிக்கொள்ள அவரிடம் ஒரு பதிவுகூட இல்லை. ஆனால் கேள்விகள் நிற்கவில்லை. எதையாவது வெட்டினீர்களா? சத்தத்தைக் கூட்டிக் குறைத்தீர்களா? முதலில் எடுத்த ஃபைல் அப்படியே இருக்கிறதா?

"இன்னாடி இவன், போலீஸ்காரன் மாதிரி கேட்டுகினு கீறான்?" என்றாள் அக்கா. "பாட்டு புடிச்சவன் பாட்டைப் பத்தி இல்ல கேப்பான்? பேண்ட் ஆளுங்கதான் இவன உட்டு ஆழம் பாக்கறாங்க. பதிலே போடாத."

நான் போடவில்லை. உடனே அடுத்த செய்தி வந்தது: ஆரணிக்கே வருகிறேன், நேரில் பேசலாம். நான் எந்த ஊர் என்று அவருக்கு யார் சொன்னது? க்ரூப்பில் எல்லோர் மீதும் சந்தேகம் வந்தது. வருஷக்கணக்காகப் பேசிப் பழகியவர்களின் செய்திகளைக்கூட மறுபடி மறுபடி படித்துப் பார்த்தேன்.

கடைசியில் அக்காதான் வரச் சொன்னாள். "யாருன்னு மூஞ்சைப் பாத்துடலாம். இல்லன்னா தினம் இதே பேஜாரு."

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் காலை டிபன் நேரத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. நான் ஒரு மேசையில் உட்கார்ந்தேன். அக்கா யாரோ போல அடுத்த மேசையில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வந்தவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லி. உட்கார்ந்ததும் வாசலையும் கல்லாவையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க தனியாவா வந்தீங்க மேடம்?"

அக்கா தட்டோடு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தனியா இல்லீங்க. நான் கீறேன். நீங்க யாருன்னு மொதல்ல சொல்லுங்க."

அவர் திடுக்கிட்டுப் போனார். பிறகு சொன்னார். அந்தப் பேண்டுக்கு ஒலி அமைப்பு பார்த்தவர் அவர்தான். கச்சேரி அன்று மத்தியானம் பாடகருக்கும் அவருக்கும் வாய்த்தகராறு. சாயங்காலம் குரல் அறுந்ததும், இவர்தான் வேண்டுமென்றே சத்தத்தை நிறுத்தினார் என்று பாடகர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். வேலை போனது. வேறு எந்தப் பேண்டும் கூப்பிடவில்லை.

"ஜெனரேட்டர்தான் மக்கர் பண்ணிருக்கும்னு நினைக்கிறேன். அது மேடைக்கு வலது பக்கம் இருந்துச்சு, அங்க நின்னிருந்தா அந்தச் சத்தம் கேட்டிருக்கும். அதான் கேட்டேன்."

"அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க அந்தப் பாடகரோட ஆளா இருந்தா? விஷயம் தெரிஞ்சதும் அழிச்சிட்டீங்கன்னா?"

அவர் போனை நீட்டி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒலிப் பலகைக்குப் பின்னால் அவர் நிற்கிற படத்தைக் காட்டினார். "போட்டோ யாரு வேணா எடுத்துக்கலாம்" என்றாள் அக்கா.

நாங்கள் நின்றிருந்தது வலது பக்கம்தான். நான் இயர்போனை அவரிடம் கொடுத்து அந்த இடத்தை ஓடவிட்டேன். எத்தனையோ முறை கேட்ட பதிவு அது. பாட்டை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி போடச் சொன்னார். பிறகு நானும் அக்காவும் ஆளுக்கு ஒரு காதில் வைத்துக் கேட்டோம். பாட்டுக்கு அடியில் ஒரு உறுமல். அது இரண்டு தரம் திக்கியது, இறங்கியது, அதற்கப்புறம்தான் குரல் போனது.

"என் கை தெரியாம எதையாவது அமுக்கிடுச்சோன்னு எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சுங்க" என்றார். காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அவர் தொடவே இல்லை.

அவர் இதைப் பாடகரிடம் போட்டுக் காட்டுவார். யார் எடுத்தது என்று பாடகர் கேட்பார். அதை நினைத்து நான் தயங்கினேன். "சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றார். அக்கா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் பாட்டை மட்டும் குடுடி" என்றாள்.

வீட்டுக்கு நடக்கும்போது, "குடுத்தது சரிதான். ஆனா ஆளை நம்பல" என்றாள். எங்கள் ஊரை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்க இரண்டு பேருமே மறந்திருந்தோம்.

சில வாரங்களில் செய்தி வந்தது. பதிவைப் பாடகர் கேட்டாராம், மறுநாள் வேலைக்குக் கூப்பிட்டாராம். அதோடு சரி.

அதே பேண்ட் வேலூருக்கு வந்தபோது போனோம். கூட்டத்தின் நடுவே, ஒலிப் பலகைக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டார். கையை உயர்த்தினார். பக்கத்தில் நின்ற செக்யூரிட்டியிடம் குனிந்து ஏதோ சொன்னார். செக்யூரிட்டியும் திரும்பி எங்களைப் பார்த்தான்.

வணக்கம் சொன்னாரா, எங்களைக் காட்டிக் கொடுத்தாரா?

"ஜல்தி வாடி" என்று அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு மறுகோடிக்குப் போய்விட்டோம். யாரும் தேடி வரவில்லை. இருந்தாலும் கச்சேரி முடிகிறவரை நான் மேடையைப் பார்த்ததைவிட முதுகுப் பக்கம் பார்த்ததுதான் அதிகம்.