அம்மாவின் சார்

என் அம்மாவுக்கு ஒரு சார் இருந்தார். அவரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அதுதான் தொல்லை.

சேரப்பணஞ்சேரியில் தகரக் கூரை போட்ட ஷெட் ஒன்றில் அம்மா பேலட் செய்து விற்றுக்கொண்டிருந்தாள். கம்பெனிகளில் சாமான்களை அடுக்கித் தூக்குவதற்காக அடியில் வைப்பார்களே, அந்த மரப்பலகைத் தட்டு. மரம் வாங்குவது, அறுக்கச் சொல்வது, ஆணி சரியாக இறங்கியிருக்கிறதா என்று குனிந்து தடவிப் பார்ப்பது எல்லாம் அம்மாதான். வேலை செய்த நான்கு பேரும் அவளை அக்கா என்பார்கள். ஆனால் ஃபோனில் யாராவது விலையைக் குறைக்கச் சொன்னாலோ, நாளைக்கே வேண்டும் என்று அடம்பிடித்தாலோ, அம்மாவின் குரல் பவ்யமாகிவிடும். "சார் கிட்ட கேட்டுட்டு சொல்றேன் சார்" என்று வைத்துவிடுவாள். பிறகு நிதானமாக ஒரு டீ குடிப்பாள். யாரிடமும் ஒன்றும் கேட்க மாட்டாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்ப ஃபோன் போட்டு, "சார் ஒத்துக்கல சார்" என்பாள். அந்தப் பக்கமும் சரி சரி என்று அடங்கிவிடும்.

எனக்கு அப்போது எட்டு வயது. இந்தக் கூத்து எனக்கு மட்டும் புரியவில்லை. ஷெட்டின் முன்னறையில் ஒரு சுழல் நாற்காலி இருந்தது, முதுகில் வெள்ளைத் துண்டு போர்த்தியபடி. மேசைமேல் ஆண்கள் போடுகிற கறுப்பு ஹெல்மெட். அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. நான் ஏறினால் அடி விழும். அப்பாதான் சாரோ என்று அவரிடமே கேட்டேன். ஒரகடத்துக் கம்பெனியில் ஷிப்டு முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் புரையேறிவிட்டது. "நானா சாரு? லைன்ல நிக்கிறவனப் போயி சாருன்றியேடி! உங்கம்மாளக் கேளு, அவதான் எல்லாம் பாத்துக்கினு கீறா" என்றார். அம்மாவைக் கேட்டால் வாய்ப்பாடு எழுதச் சொல்வாள்.

ஒரு சனிக்கிழமை பர்சேஸ் ஆபீசர் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். எங்கள் பேலட்டில் பாதிக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த கம்பெனி அவருடையது. அவர் போனால் ஷெட்டில் பாதி வேலை போச்சு என்று எனக்கே தெரியும். மெல்லிசுப் பலகையில் செய்து மலிவாகக் கொடுங்கள் என்று ஒரு வாரமாக அவர் ஃபோனில் கேட்பதும், சார் ஒத்துக்கவில்லை என்றதும் சரி சரி என்று வைப்பதுமாக இருந்தது. "சாரையே பாத்துட்டுப் போறேன் மேடம்" என்று உட்கார்ந்துவிட்டார். சார் வெளியே போயிருப்பதாகச் சொல்லிவிட்டு, டீக்கு ஆள் அனுப்ப அம்மா பின்பக்கம் போனாள்.

சார் எப்போது வருவார் பாப்பா என்று அவர் என்னைக் கேட்டார். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லித் தந்தவளே அம்மாதான். "சார் வரவே மாட்டாரு அங்கிள். அம்மாவே கேட்டுக்குவாங்க, அம்மாவே சொல்லிப்பாங்க" என்றேன். பெரிய உபகாரம் செய்த நினைப்பு எனக்கு.

அளவு டேப்பும் கையுமாக அம்மா வாசலில் நின்றிருந்தாள். ஆபீசர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, எல்லாம் நீதானாம்மா? அப்போ இன்னா, இப்பவே சரின்னு சொல்லிடு" என்றார். அதுவரை மேடமாக இருந்தவள் ஒரே நொடியில் நீயாகிவிட்டாள். உண்மை தெரிந்தால் மரியாதை கூடும் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்!

அம்மா நேரே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹெல்மெட்டை எடுத்துக் கீழே வைத்தாள். "முடியாது சார். தூக்கும்போது பலக உடைஞ்சா, கீழ நிக்கிறவன் காலு போயிடும்" என்றாள். டீ வருவதற்குள் அவர் கிளம்பிவிட்டார்.

அதன்பிறகு அவரிடமிருந்து ஃபோனே இல்லை. நான்கு பேரில் இரண்டு பேரை அம்மா வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினாள். போகும்போது ஒருத்தர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அதில்தான் பயம் அதிகம். இல்லாத சார் முடியாது என்றபோதெல்லாம் சரி சரி என்றவர், இருக்கிற அம்மா அதையே சொன்னதும் ஏன் கோபித்துக்கொண்டார்?

இரண்டு வாரம் கழித்து மண்ணூர் பக்கம் புதிதாக வந்த கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார் கிட்ட கேட்டுட்டு சொல்றேன் சார்" என்று வைத்தாள். ஐயோ, மறுபடியுமா! இந்தத் தடவை அம்மா டீ குடிக்கவில்லை. என்னைத் தூக்கி அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். என் கால் தரைக்கு எட்டவில்லை. எதிரே கைகட்டி நின்றுகொண்டாள்.

"பத்து நாள் வேலைய அஞ்சு நாள்ல கேக்குறாங்க. இன்னா சார் சொல்றீங்க?"

"முடியாதுன்னு சொல்லிடும்மா" என்றேன்.

அம்மா ஃபோனை எடுத்து, "சார் ஒத்துக்கல சார்" என்றாள். அந்தப் பக்கம், பத்து நாளே எடுத்துக்கொள்ளுங்கள் மேடம் என்றது. அந்த அறையில் அம்மாவும் நானும்தான் இருந்தோம். எந்த சாருக்கு அவர்கள் சரி என்றார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.